நீலக் கோடு

முதல் வாரம் முழுக்க ஆணி பிடுங்கினேன்.
தீயணைப்பு நிலையமாக இருந்த கட்டடம்,
வண்டி நின்ற இடம்தான் கண்காட்சிக் கூடம்.
எத்தனை பூச்சு வெள்ளையடித்தாலும்
மழை நாளில் டீசல் வாடை எழும்பும்.

சம்பளம் இல்லை, மதியச் சாப்பாட்டுக் கூப்பன் உண்டு.
"பயிற்சி மாணவி" என்று அட்டை அடித்துத் தந்தார்
த்ராஹொமீரா.
வாரத்தில் மூன்று நாள் அருங்காட்சியகம் அவருக்கு,
இரண்டு நாள் தபால் நிலையம்.
முத்திரை குத்திப் பழகிய கை
எதையும் சும்மா தொடாது.

படத்தின் நடு, தரையிலிருந்து
நூற்று நாற்பத்தைந்து சென்டிமீட்டர், என்றார்.
குறிப்பு ஐம்பது சொல்லைத் தாண்டக் கூடாது.
துணிக்கு மங்கிய வெளிச்சம்.
சோகம் என்று எங்கேயும் எழுதாதே,
வேண்டுமானால் அதை
வருகிறவர்கள் கொண்டுவரட்டும்.

பெச்வா ஆறு ஊருக்குள் வந்த ஜூலை மாதம்
எங்கள் பொருள்.
நான் அப்போது பிறக்கவில்லை.
நான் பார்த்த பெச்வாவுக்குக்
கணுக்கால் நனைக்கத்தான் தெரியும்.

ஊர்க்காரர்கள் வீட்டிலிருந்து எடுத்துவந்தார்கள்.
நின்றுபோன கடிகாரம் மட்டும் மூன்று,
மூன்றும் வேறு வேறு நேரம்.
இடது கால் ரப்பர் பூட்ஸ் ஒன்று.
நிலவறையில் மூழ்கிக் கிடந்தும்
மூடி திறக்காத வெள்ளரி ஊறுகாய்ப் புட்டி:
அதற்குப் பித்தளைக் கம்பியில் தாங்கி வளைக்க
எனக்கு இரண்டு நாள் பிடித்தது.
வினிகருக்குள் வெள்ளரிகள்
இன்னும் நெட்டுக்குத்தாக நிற்கின்றன.

கடைசியாகச் சுவரில் ஒரு நீலக் கோடு,
தண்ணீர் நின்ற உயரத்துக்கு.

ரொட்டிக் கடை ஒத்தாக்கர் வந்து பார்த்தார்.
"பெல்ட் வரைக்கும்தான். என் மூட்டைகளில்
மேலே இருந்தவை நனையவில்லை."
(அவர் கடை மேட்டில் இருக்கிறது.)
பழைய தீயணைப்பு வீரர் ராடோவனுக்குக்
கோடே பிடிக்கவில்லை.
"அது எங்கே நின்றது, பெண்ணே?
ஏறும், இறங்கும், சாப்பிடப் போய்த் திரும்பியதுபோல்
மறுபடி ஏறும். எதைக் கிழிப்பாய்?"
பேருந்து ஓட்டும் பிளாஷெனா
உள்ளங்கையைத் தட்டையாக்கித்
தன் தாடைக்குக் கீழே வைத்துக் காட்டினார்.
"இங்கே. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்."

நகராட்சிப் பதிவேடு சொன்னது நூற்று அறுபத்திரண்டு.

பதிவேட்டை நம்பினோம்.
லேசர் விட்டு, காகித நாடா ஒட்டி,
மூச்சைப் பிடித்து, ஒரே இழுப்பு.
பின்னால் நகர்ந்து பார்த்தபோதுதான்:
படங்கள், கடிகாரங்கள், ஊறுகாய்ப் புட்டி,
நான் எண்ணி எண்ணி வெட்டிய ஐம்பது சொற்கள்,
எல்லாமே தண்ணீருக்கு அடியில்.
மேலே மிஞ்சியது
புகை உணரியும் வெளியேறும் வழிப் பலகையும்.
என் உயரம் நூற்று ஐம்பத்தெட்டு.

"எல்லாவற்றையும் ஏற்றி மாட்டட்டுமா?"
த்ராஹொமீரா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"புதன்கிழமை திறப்பு விழா. ஆணியைத் தொடாதே."

செவ்வாய் மாலை
பணி முடித்த சீருடையோடு பிளாஷெனா வந்தார்.
சுவரோரம் நின்றார். கோடு அவர் உதட்டைத் தொட்டது.
"அன்றைக்கு உங்களுக்கு என்ன வயது?"
"ஏழு."
ஏழு வயதுத் தாடை எங்கே இருக்கும்?
முழங்காலை மடக்கி மடக்கித்
தன்னை இறக்கிப் பார்த்தார்.
நான் நாடாவை நீட்டினேன்: நூறு, நூற்றிரண்டு.
கோடு தலைக்கு மேலே வெகு தூரத்தில் இருந்தது.

"அப்படியென்றால்," என்றார் குந்தியபடியே,
"நான் எதன் மேலோ நின்றிருக்கிறேன்."

மேசையா?
இல்லை, மேசை மிதந்து போனது தெரியும்.
தொட்டியா?
தலையாட்டினார்.
"காலுக்கடியில் வழுக்கவில்லை.
அது மட்டும் ஞாபகம் இருக்கிறது.
அசைந்தது. ஆனால் வழுக்கவில்லை."

அறுபது சென்டிமீட்டர்.
குறிப்பில் இன்னும் நான்கு சொல்லுக்கு இடமிருந்தது.
நாடாவை இழுத்தபடியே பிடித்திருந்தேன்,
அவர் எழுந்து
தொப்பியை மாட்டிக்கொண்டு போகும்வரை.